அணைத்த விளக்கு

போன நவம்பரில்தான் தலைச்சோலை மலைக்கிராமத்துக்கு மேலே உள்ள அந்தப் பழைய எஸ்டேட் பங்களாவுக்குக் குடிவந்தேன். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு. தனி ஆள். எரிகற்களைப் பதிவு செய்வது என் கிறுக்கு. மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா. எதிரே ஏதாவது அசைந்தால் படத்தையும் ஒலியையும் தானே பதிந்துகொள்ளும்.

டிசம்பர் பதினான்கு, வருடத்திலேயே அதிக எரிகற்கள் விழும் இரவு. எட்டே முக்காலுக்குப் பனிமூட்டம் விலகியது. அப்போதுதான் கீழே காப்பித் தோட்டத்து ஓடையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“ஏனுங்க... லைட்டு எரியற ஊட்டுக்காரரே... காலு முறிஞ்சு போச்சுங்க...”

என் வாசல் விளக்கைத்தான் சொன்னாள். அந்த வெளிச்சம் கேமராவுக்கு ஆகாது.

அணைத்தேன்.

ஊர்க்காரர்கள் யாராவது போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து மணி வரை குரல் கேட்டது. அன்று நூற்றுப் பதினொரு எரிகற்கள் பதிவாயின.

காலையில் ஓடையிலிருந்து ஊர்க்காரி பாப்பாத்தியைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். மாட்டைத் தேடிப் போனவள். இரவு சேலத்தில் தங்கிவிட்ட அவள் கணவர் குழந்தைவேல் என்னிடம் கேட்டார்.

“சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சுங்களா சார்?”

“தூங்கிட்டேங்க.”

அன்று இரவு ஒரே ஒரு பதிவு. எரிகல் இல்லை. வெறும் இருட்டு. ஓடைப் பக்கம், மெல்ல, “ஏனுங்க...”

மறுநாள் அதே குரல் வாசலில்.

மூன்றாம் இரவு, மாடிப்படியில் ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ ஏறும் சத்தம்.

நான்காம் இரவு குரலே இல்லை. லென்ஸை ஒட்டி யாரோ மூச்சு விட்டார்கள். மேலே போய்ப் பார்த்தேன். அழுகிய இலையும் ஓடைச் சேறுமாக மாடி முழுக்க நாற்றம்.

பயத்தைவிட வெட்கம்தான் என்னைத் தின்றது. விடிந்ததும் குழந்தைவேலின் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இல்லாத மனிதர். வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு நான் தூங்கலைங்க. அவங்க கூப்பிட்டது கேட்டுச்சு. போகலை.”

விளக்கைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“தெரியுமுங்க சார். லைட்டு எரியற வரைக்கும் நொம்ப நம்பிக்கையா இருந்துச்சாம். நீங்க அணைச்ச பொறவுதான் விட்டுப்போச்சாம்.”

“யாரு... யாருங்க சொன்னது?”

அவர் இருண்டு கிடந்த அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

“சாருக்கும் ஒரு காப்பி போடு புள்ள.”

உள்ளே யாரோ விறகை ஒடித்தார்கள்.