கவினுக்கு விற்கத் தெரியவில்லை

ஒரே ஆட்டோவில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஏறினார்கள்.

"மேடம், நான்தான் முதல்ல கை காட்டினேன்!" என்றான் கவின்.

"நான்தான் முதல்ல உட்கார்ந்தேன்," என்றாள் அவள்.

வெளியே கொட்டுகிற மழை... நெற்றியில் ஒட்டிய ஈரமுடிக்குக் கீழே, கோபத்திலும் சிரிப்பை ஒளித்து வைத்திருந்த கண்கள்... கவினுக்குச் சண்டை மறந்துபோயிற்று.

"ரெண்டு பேரும் தொம்மலூர்தானே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி," என்று கொஞ்சம் ஒத்துப்போகும்படி கன்னடத்தில் சொல்லிவிட்டு டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

பதற்றம் வந்தால் கவினுக்கு வாய் நிற்காது. எட்டுப் பேரை வைத்துச் சின்னக் கம்பெனி நடத்துவதையும், ஹைட்ரஜன் கசிந்தால் கண்டுபிடிக்கும் தீப்பெட்டி அளவு சென்சார் செய்வதையும், இதுவரை ஒன்றுகூட விற்காததையும் கொட்டிவிட்டான்.

"இன்னிக்கு மார்க்கெட்டிங் ஆலோசகர்னு யாரோ வராங்களாம். ஹைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னமோ!"

"தெரியும். நான்தான் அது. டீனா."

மீதி தூரம் முழுக்க அவன் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஒரு வாரத்தில் டீனா அறிக்கையோடு வந்தாள்.

"ஹைட்ரஜன்ல ஓடற பஸ் செய்யற கம்பெனிங்களை விடுங்க. ஹைட்ரஜன் சிலிண்டர் வைக்கற குடோனுக்குப் போங்க. கசிவுக்குப் பயப்படறவங்கதான் உடனே வாங்குவாங்க."

"குடோன் சுவத்துல மாட்டறதுக்கா ஆறு வருஷம் உழைச்சேன்? என் கனவு பஸ்ஸுங்க!"

"அப்போ கனவையே வித்துக்கோங்க, சார்." எழுந்து போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் நான்கு பஸ் கம்பெனிகள் கையை விரித்தன. கணக்கு பார்க்கும் பிரபா டீனாவின் அறிக்கையை அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலையே கவின் ரிச்சர்ட்ஸ் டவுனில் டீனாவின் வீட்டு வாசலில் நின்றான்.

"நான் பேசினது தப்புங்க."

"எது?"

"ஆட்டோல ஏறினதிலிருந்து பேசினது எல்லாமே."

டீனா சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனுக்கு இருவரும் போனார்கள். சிலிண்டர் வால்வைத் துளி திறந்ததும் சென்சார் அலறிய அலறலில், மேலாளர் சந்திரசேகரன் பத்தடி பின்னால் ஓடி, அங்கிருந்தே கத்தினார்: "நாப்பது பீஸ் அனுப்புங்க!"

வேலை முடிந்தது. இனி அவள் வரக் காரணமில்லை... மூன்று நாள் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, கவின் போன் செய்தான்.

"ஒரு சந்தேகம்... சென்சாரை எவ்ளோ உயரத்துல மாட்டணும்?"

"கூரை பக்கத்துல. ஹைட்ரஜன் மேலதானே போகும்? ஏங்க, அதைச் செஞ்சதே நீங்கதானே!"

"ஆமா... தெரியும்."

"அப்புறம் எதுக்கு போன்?"

"உங்க குரல் கேட்கணும்னு தோணிச்சு. டீனா... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அப்பா இருப்பாரு. ஹைட்ரஜன் பேச்சு மட்டும் எடுக்காதீங்க."

"எனக்கு வேற எதுவும் பேசத் தெரியாதே!"

"நீங்க சாப்பிடுங்க, நான் பேசிக்கறேன்," என்றாள் டீனா. பிறகு குரல் தாழ்ந்தது. "மூணு நாளா போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்... இவ்ளோ லேட்டாவா கூப்பிடுவீங்க?"