முப்பது விநாடி மௌனம்

"மேடம், அந்த முப்பது செகண்ட் மட்டும் வீட்ல யாரையும் பக்கத்துல நின்னு மூச்சு விட வேணாம்னு சொல்லுங்களேன்" என்று ஒலிப்பதிவுக்காரன் போனில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் மூச்சு விடுவதற்கு அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"நான்தான் தம்பி விட்டிருப்பேன்."

"உங்க மூச்சு எனக்குத் தெரியாதா மேடம்? ஆறு வருஷமா வெட்டித் தள்ளிட்டிருக்கேன். இது வேற ஆளு."

புத்தகங்களை வாசித்து ஒலிநூலாக்குவது அவள் தொழில். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது விநாடி சும்மா உட்கார வேண்டும். அறைக்கென்று இருக்கும் சத்தம் அந்த மௌனத்தில் பதியும். அதை மாதிரியாக வைத்து, அத்தியாயம் முழுவதிலிருந்தும் அந்தச் சத்தத்தை மட்டும் கழித்துவிடுவான் அவன். மௌனத்தில் என்ன விழுகிறதோ அது அழுக்கு. மிச்சம் இருப்பது குரல். அதனால் அந்த முப்பது விநாடியில் தும்மல் வந்தாலும் விழுங்கிவிட வேண்டும் என்பது முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மூன்று நாளைக்கு முன்புதான் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பழைய பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. பதிவில் ஈ மொய்ப்பது போல ஓர் இரைச்சல் விழுகிறது என்று பதிப்பகம் இரண்டு அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. "போர்டுலயே வர்ற சவுண்டு ஒப்புக்குச் சப்பாணிக்கா. அதை நம்பியா இத்தனை வருஷம் ஓட்டுனீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சவுண்ட் கார்டைச் செருகித் திருகாணியை முடுக்கினார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. ஹெட்போனை மாட்டியவள் ஒரு முறை கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். அத்தனை அமைதி.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது. அப்படி வைத்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது தங்கை ஒருத்திதான். அவளும் கடல் தாண்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசுவதோடு சரி. மற்ற நாட்களில் அடுத்தவர் எழுதிய வாக்கியங்களைத் தவிர வேறு ஒரு சொல்லும் ரேடியோவின் வாயிலிருந்து வராது. ஆனாலும் அந்தக் குரல் எங்கெங்கோ போனது. சமையலறைகளிலும் பேருந்துகளிலும் முகம் தெரியாதவர்கள் காதில் அது பேசியது. அவளிடமிருந்து வீட்டை விட்டு வெளியே போவது அது ஒன்றுதான். இந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமும் திரும்பி வந்தால் வேறு வாசிப்பாளரைப் பார்த்துக்கொள்வதாகப் பதிப்பகம் எழுதியிருந்தது.

போனை வைத்துவிட்டு, நேற்று பதிந்து அனுப்பிய அந்த மௌனத்தைத் தானே போட்டுக் கேட்டாள். பிற்பகல் மூன்று மணி. எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம், அவள் பதிவு செய்யும் நேரம். சுவரெல்லாம் போர்வை தொங்கும் அந்தச் சின்ன அறையில் பழைய கம்பளி வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து கிடந்தன. ஹெட்போனில் முதலில் மேல்வீட்டு நாற்காலி ஒன்று இழுபடுவது கேட்டது, பிறகு குளியலறைக் குழாய் சொட்டுவது, பிறகு அவள் எச்சில் விழுங்குவது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு. நிதானமாக உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது, பேசத் தொடங்குவதற்கு முன்னால் வாசிப்பவர்கள் இழுத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"கார்டு புதுசா எதையும் உண்டாக்காதுக்கா. இருக்கறதைத்தான் காட்டும். இதுவரைக்கும் அந்த இரைச்சல் மூடி வச்சிருந்துச்சு, இப்போ மூடி இல்ல, அவ்வளவுதான். பயமா இருந்தா ஃபேனைப் போட்டுக்கங்க!" என்று சொல்லிச் சிரித்தார்.

அவரோடு சேர்ந்து சிரிக்க அவளும் முயன்றாள்.

அன்றைக்கே பழைய பதிவுகளை எடுத்து உட்கார்ந்தாள். ஆறு வருடத்து மௌனங்கள். எல்லாவற்றிலும் ஈ மொய்க்கும் இரைச்சல் இருந்தது. இருந்தும் எதைத் தேட வேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அதை மறைக்க முடியுமா? முதல் வருடத்து மௌனத்தில் அந்த மூச்சு எங்கோ தூரத்தில், தெருக்கதவுக்கு வெளியே நிற்பது போல இருந்தது. மூன்றாம் வருடத்தில் கூடத்துக்கு வந்திருந்தது. போன வருடம் இந்த அறைக் கதவுக்குப் பின்னால். நேற்றைய பதிவில், மைக்குக்கு அவள் உதடு இருந்த தூரத்தைவிடக் கிட்டத்தில்.

எழுந்து போர்வைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். சுவர். கட்டிலுக்கு அடியில் பெட்டி. அலமாரிக்குள் சேலைகள். பைத்தியம் பிடித்துவிட்டது உனக்கு என்று சொல்லிக்கொண்டாள். அதைச் சத்தமாகச் சொன்னதும், தன் குரலுக்குப் பின்னால் அறை காது கொடுத்துக் கேட்பது போலத் தோன்ற, வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள்தான் கெடு. மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். மைக்கைத் திறந்தாள். திரையில் பச்சைக் கோடு ஆடாமல் ஓடியது.

பத்து விநாடி.

நாற்காலி இழுபடவில்லை. குழாய் சொட்டவில்லை.

பதினைந்து.

மூச்சு. மிகக் கிட்டத்தில். அதில் வெந்நீர்ச் சூடு இருந்தது. அவள் மேலுதட்டு மயிர் அசைந்தது.

பயந்தாள். ஆனால் பொய் சொல்வானேன், அந்தப் பயத்துக்கு நடுவில் ஓர் ஆசையும் இருந்தது. ஆறு வருடமாக யாரோ கூடவே இருந்திருக்கிறார்கள். யாராக இருந்தால்தான் என்ன? ஆறு வருடத்தில் ஒரு முறைகூடச் செய்யாத தப்பை அப்போது செய்தாள். மௌனத்தில் பேசினாள்.

"யாரு? யாராவது இருக்கீங்களா? இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

மூச்சு நின்றுவிட்டது.

அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். நாற்பது நிமிடம், ஒரு தடுமாற்றம் இல்லை. அவ்வளவு நன்றாக அவள் எந்த அத்தியாயத்தையும் வாசித்ததில்லை. முடித்த கையோடு, திரும்பிக் கேட்கத் தைரியம் இல்லாமல், அப்படியே அனுப்பிவிட்டாள். தன் குரல் மௌனத்தில் விழுந்திருப்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஒலிப்பதிவுக்காரனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அறையில் வெளிச்சம் குறைந்தபோது அவனே கூப்பிட்டான்.

"மேடம், பிரமாதம்! இவ்ளோ சுத்தமா நீங்க அனுப்பினதே இல்ல. பதிப்பகத்துலயும் கேட்டுட்டு ஓகே சொல்லிட்டாங்க."

"தம்பி, அந்த முப்பது செகண்ட்ல நான் பேசிட்டேன். அதை மாதிரியா எடுத்துடாதீங்க. நான் வேற அனுப்பறேன்."

"ஐயோ, அதுக்கென்ன மேடம்" என்று சிரித்தான். "அடுத்த புக்கும் உங்களுக்குத்தான். கவலையே படாதீங்க."

அடுத்த புத்தகத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"தம்பி, நான் சொல்றது கேக்குதா?"

"ஆச்சு மேடம், இப்பதான் சாப்பிட்டேன். நீங்க?" கொஞ்ச நேரம் யாருக்கோ காது கொடுப்பவன் போல இருந்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "என்ன மேடம், இன்னிக்கு இவ்ளோ குஷியா பேசறீங்க?"

அவள் உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். உதடுகள் மூடியே இருந்தன. பொத்தியபடியே அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியா? அட!"

"ம்ம்."

"நிச்சயமா மேடம். ஒரு நாள் நேர்ல வாங்க."

கையை எடுத்தாள். "தம்பி! யார்கூடப் பேசறீங்க?"

"உங்க பின்னாடி என்ன மேடம் சத்தம்?" என்றான். "போனை ஸ்டுடியோ ஸ்பீக்கர்ல போட்டிருக்கேனா, நல்லா கேக்குது. அந்த மௌனத்துல இருந்த அதே இரைச்சல். யாரோ ஒரு பொம்பளை யாரு யாருன்னு கேக்கற மாதிரி. அத்தியாயம் பூரா உங்க குரலுக்கு அடியில ஓடிட்டே இருந்துச்சு. மொத்தமா கழிச்சுட்டேன்."

"அது நான்தான்! நான்தான் தம்பி அது!"

"பாருங்க, இப்பவும் வருது. ஒரு நிமிஷம் இருங்க, இதையும் எடுத்துடறேன்."

போனுக்குள் மவுஸ் ஒரு முறை சொடுக்கியது.

அவள் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டை கிழிவது வலித்தது. மார்பில் வைத்திருந்த கைக்குள் அந்த அதிர்வு ஓடியது. மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டது. குழாய் சொட்டியது. வேறு சத்தமில்லை.

பிறகு, விரியத் திறந்திருந்த அவள் வாய்க்கு ஒரு விரற்கடை முன்னால், ஐம்பத்திரண்டு வருடமாக அவளுடையதாக இருந்த குரல் போனைப் பார்த்துப் பேசியது.

"ரொம்ப நன்றி தம்பி. இப்பதான் நிம்மதியா இருக்கு."