கிழவி எடுத்த படம்

டொக். டொக். டொக்.

அந்தத் தீவு வீட்டை நினைத்தால் இன்றைக்கும் அவள் காதில் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். கடல் உள்வாங்கியதும் காட்டுக் குரங்குகள் பாறைகளுக்கு இறங்கி வரும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைக் கல்லால் தட்டி உடைத்துத் தின்னும். அந்தக் கோடையில் பல நாள் காலையில் அவளை எழுப்பிவிட்டது அந்தத் தட்டல்தான்.

அப்போது அவள் சின்னப் பெண். அவள் செய்யும் சேட்டைக்கு அண்ணன் வைத்த பெயர் வாலு.

"குரங்குக்குப் பின்னாடி ஒரு வால். எனக்குப் பின்னாடி ஒரு வாலு" என்பான்.

அந்தக் குரங்குகளைக் கவனிப்பதுதான் அம்மாவின் வேலை. எது எந்தக் கல்லை எடுக்கிறது, எந்தக் கையால் தட்டுகிறது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார். வாலுவும் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது, கிழவி என்று அவர்கள் கூப்பிட்ட ஒரு குரங்கை. முகமெல்லாம் சுருக்கம், ஒரு காது கிழிசல். ஆனால் சிப்பி உடைப்பதில் கிழவியை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

"அம்மா, கிழவியும் என்னை மாதிரி இடக்கைதான்."

"ஆமாடா. இதுங்கள்ல சிலது இடக்கை, சிலது வலக்கை. நம்மள மாதிரியேதான்."

"அப்போ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறவங்களை அதுவும் முழங்கையால இடிக்குமா?" என்று அண்ணன் கேட்டான். தினமும் இடி வாங்குபவன் அவன்தான்.

கோடை முடிந்து ஊர் திரும்பும் நாள் வந்தது. படகும் வந்துவிட்டது. அம்மா கேமராவைப் பாறைமேல் வைத்துவிட்டுப் பையின் வாயைக் கட்டக் குனிந்தார். நிமிர்ந்தபோது கேமராவைக் காணோம்.

கடலோரப் பாறையில் கிழவி உட்கார்ந்திருந்தது. வலக்கையில் ஒரு சிப்பி. இடக்கையில் கேமரா. தண்ணீர் புகாத, கெட்டியான சின்னக் கேமரா அது. கைக்கு அடக்கமாக இருந்தது. கிழவியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கல்.

டொக்.

அம்மா பையை அப்படியே விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அந்தக் கோடை முழுவதும் எடுத்த படங்கள் அதற்குள்தான் இருந்தன.

"கடல் ஏறுதும்மா" என்றார் படகுக்காரர். "இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தப் பாறை முங்கிடும். நாமளும் கிளம்பியாகணும்."

"நான் துரத்தட்டுமா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம். பயந்துபோய்த் தண்ணியில போட்டுடும்."

"அப்போ பிஸ்கட் காட்டலாம்."

"அதுவும் வேண்டாம். நம்ம கையால தின்னு பழகிட்டா, அப்புறம் மனுஷங்க பின்னாடியே அலையும்."

அம்மாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. வாலு கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுக்கு வேண்டியது ஒரு கல்லுதானே? இதைவிட நல்ல கல்லாக் குடுத்தா?"

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வாலு கரையெல்லாம் தேடினாள். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று வழுக்கியது. கடைசியில் அவள் இடது உள்ளங்கையில் அச்சாகப் பொருந்திய, முனை கூரான ஒரு கல் கிடைத்தது.

அண்ணன் அதை வாங்கிப் பதுங்கிப் பதுங்கிப் போய், கிழவிக்கு வலப்பக்கம் வைத்துவிட்டு வந்தான். கிழவி கல்லைப் பார்த்தது. கேமராவால் மறுபடி தட்டியது.

டொக்.

அலை பாறையின் அடியை நனைக்கத் தொடங்கியது.

"அந்தப் பக்கம் வச்சா எப்படிண்ணா எடுக்கும்? அந்தக் கையிலதான் சிப்பி இருக்கே. தட்டுற கை இந்தக் கை" என்று வாலு தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீயே போறியா?" என்றார் அம்மா. "அது கண்ணை நேரா பார்க்காதே. பல்லைக் காட்டினா அப்படியே பின்னாடி வந்துடு."

வாலு குந்திக் குந்தி நகர்ந்தாள். கல்லை எடுத்துக் கிழவியின் இடப்பக்கம், கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைத்தாள். மெல்லப் பின்வாங்கினாள்.

கிழவி தட்டுவதை நிறுத்தியது. கல்லைப் பார்த்தது, கேமராவைப் பார்த்தது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவளைப்போல அவசரமே படாமல் யோசித்தது. பிறகு கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கல்லை எடுத்தது.

ஒரே தட்டு. சிப்பி பிளந்தது. சதையைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டு, கல்லையும் விடாமல் மூன்று காலால் நொண்டி நொண்டிக் காட்டுக்குள் போய்விட்டது.

"பிழைக்கத் தெரிஞ்ச கிழவி" என்றார் படகுக்காரர்.

படகில் போகும்போது அம்மா கேமராவைத் துடைத்து இயக்கிப் பார்த்தார். மேலெல்லாம் கீறல். உள்ளே படங்கள் பத்திரமாக இருந்தன. கடைசியில் மட்டும் யாரும் எடுக்காத சில படங்கள் இருந்தன. ஒன்றில் வெறும் வானம். ஒன்றில் சிப்பி. ஒன்றில், முழுப் படத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு மூக்கு.

எல்லாவற்றுக்கும் கடைசிப் படம் தலைகீழாக இருந்தது. அதில் ஒரு சின்னப் பெண் பாறைமேல் குந்தியிருக்கிறாள். முடியெல்லாம் காற்றில் பறக்கிறது. பயமும் ஆசையுமாக இடக்கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

வாலு வளர்ந்து, வேறு ஊருக்கு, வேறு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் படம் மட்டும் அவள் சுவரில் தொங்குகிறது. அந்தக் கோடையில் அம்மா எடுத்த எல்லாப் படத்திலும் குரங்குகள்தான். அவள் இருக்கும் படம் அது ஒன்றுதான்.

"யார் எடுத்தது?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"ஒரு சிநேகிதி" என்பாள் வாலு. "என்னை மாதிரியே இடக்கைக்காரி."