ஆர்த்திக்குத் துணை

ஆர்த்தியின் தலைமாட்டில் இருந்த டம்ளரில் தண்ணீர் நிறைந்திருந்தது. கலையரசி அதை ஊற்றவில்லை. மகளுக்கோ கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. காய்ச்சலில் பிளேட்லெட் குறைந்துகொண்டே போகிறது என்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்தபின் கலையரசிக்கென்று இருப்பது இந்த ஒரு பிள்ளைதான்.

பக்கத்துக் கட்டில் காலி. காலையில்தான் அதில் வெள்ளையம்மாள் செத்துப்போனாள். பினாயில் போட்டுத் துடைத்துவிட்டார்கள். ஆனாலும் மதிய வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்தப் பொது மருத்துவ வார்டில், மருந்து நெடிக்கும் இருமல் சத்தத்துக்கும் நடுவே, கிழவி மென்ற வெற்றிலையின் வாடை, ஃபேன் சுற்றச் சுற்ற, கலையரசியின் முகத்தில் வந்து வந்து மோதியது.

பாவம், நாதியில்லாத கிழவி. அந்த வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் துணைக்கு இருக்கலாம். மருந்து வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் அந்த ஆள் வேண்டும். நேற்று நர்ஸ் ஜெசிந்தா, "வெள்ளையம்மாளுக்குக் கூட யாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மனசு கேட்காமல் கலையரசி, "நான்தான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாள்.

கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எனக்கு நீ இருக்கற. ஒம் பொண்ணுக்கு நான் இருக்கறேன்மா" என்றாள். அப்போது அது ஆறுதலாகத்தான் இருந்தது.

ஜெசிந்தா அவசரமாக வந்தாள். "ஆர்த்திக்கு பிளேட்லெட் ஏத்தணும். ரத்த வங்கிக்குப் போய் வாங்கிக்கினு வாங்க. ஜல்தி."

"பொண்ண யாரு பாத்துக்குவாங்க சிஸ்டர்?"

"அதான் பாட்டி இருக்காங்களே" என்று நிமிராமலே சொல்லிவிட்டு, ஜெசிந்தா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கலையரசி திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. பிள்ளையை விட்டுப் போகவும் பயம். போகாவிட்டால் பிள்ளையே இல்லை. ஓடினாள். வரிசையில் நிற்கும்போது மேல்மலையனூர் அம்மன் கோயில் இருக்கும் திசை தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்த்துக் கும்பிட்டாள். பிளேட்லெட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

வார்டு வாசலின் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. காவலாளி நடராசன் உள்ளே நின்றார்.

"யாருக்கும்மா?"

"ஆர்த்திக்கு. நான் அவ அம்மா. தொறங்கண்ணா."

"அந்தப் பொண்ணுக்கு ஆளு உள்ள இருக்காங்களே. நீங்க வெள்ளையம்மாளுக்கு வந்தவங்கதான? அவங்களைத்தான் காலையிலேயே எடுத்துக்கினு போயிட்டாங்களே." அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

"அண்ணா, எம் பொண்ணுண்ணா. மருந்து கையில இருக்கு பாருங்க. தொறங்கண்ணா."

அவர் திறக்கவில்லை.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கம்பிகளுக்கிடையே முகத்தை அழுத்தினாள். வெற்றிலை வாடை. அதோ கட்டில். அதோ மகள். கால்மாட்டில் ஒரு கூன் முதுகு. நரைத்த கொண்டை. மென்றுகொண்டே இருக்கும் தாடை.

"ஆர்த்தி!"

மகள் கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். கால்கள் பிரியவில்லை.

கிழவி அவசரமே இல்லாமல், வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து, ஆர்த்தியின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.