அரைச் சுற்றில் நின்ற ஃபேன்

2005, ஆடி பதினாறு. காலை 9.10.

சிவகாசியில் ரத்தினசாமியின் காலண்டர் அச்சகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. சாவுக்குரிய லட்சணங்கள் எல்லாம் இருந்தன. உடல் சில்லிட்டிருந்தது, சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள், காரணம் யார் என்பதும் முன்பே முடிவாகியிருந்தது.

10.40. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான் மெக்கானிக் சண்முகவேல். மிளகாய் வத்தல் கடைக் கம்ப்யூட்டர்களைக் கழற்றியே பிழைப்பவன்; அவன் பையைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணில் நீர் வரும். தன்னைத் துப்பறிவாளன் என்று நினைத்துக்கொள்வான். இதுவரை பிடித்த குற்றவாளிகள்: இரண்டு கரப்பான், ஓர் எலி.

ரத்தினசாமி படபடவென்று விவரம் சொன்னார். ஆடிப் பதினெட்டன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் கைக்குப் போக வேண்டும். டிசைன் அத்தனையும் இந்தப் பெட்டிக்குள். சாயங்காலத்துக்குள் அச்சுக்கு ஃபிலிம் எடுக்காவிட்டால் சீசன் போச்சு. நேற்று மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனவள் டிசைனர் ஷிபானா. அடுத்த மாதம் எதிர் பிரஸ்ஸில் சேரப் போகிறவளும் அவளேதான். பன்னிரண்டு மணிக்குள் உண்மை வரவில்லையென்றால் போலீஸ்.

ஷிபானா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பையை முதலாளியே மேசைமேல் கொட்டிச் சோதித்திருந்தார். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை. இரண்டும் அப்படியே கிடந்தன.

"நேத்து போகையில பெட்டி ஓடுச்சா?" சண்முகவேல் கேட்டான்.

"ஓடுச்சு. நான்தான் அமத்துனேன். சாயங்காலம் பூசை, நீ போம்மான்னு அண்ணாச்சிதான் அனுப்பிவச்சாக."

"எதிர் பிரஸ்ஸுக்குப் போறீகளாம்ல?"

"கெடுத்துட்டுப் போறவ எதுக்கு ஒரு மாசம் முந்தியே சொல்லணும்?"

சண்முகவேலுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகமும் வந்தது. துப்பறிவாளன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தான்.

அவன் ரத்தினசாமியிடம் திரும்பினான். "பெட்டில யாராச்சும் கைவச்சாகளா அண்ணாச்சி?"

"என் பிரஸ்ல எவன் கைவைப்பான்?"

11.05. சுவிட்சைப் போட்டான். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடியும் போட்டான், மறுபடியும் அரைச் சுற்று. செத்த பெட்டி இப்படித் துடிக்காது. உள்ளே எங்கோ கரண்ட் போகக்கூடாத வழியில் போகிறது, பெட்டி பயந்து தானே அணைந்துகொள்கிறது.

பின்பக்கம் கீபோர்டு செருகி நேராக நுழைய மறுத்தது. மதர்போர்டு ஒரு மயிரிழை மேலே தூக்கியிருந்தது. அதைப் பிடித்திருந்த ஆறு திருகுகளில் ஒன்றைக் கழற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. கழன்று வந்த திருகின் மரையில் பொன்னிறத் துணுக்கு ஒன்று மினுங்கியது.

அறையைக் கூட்டிக்கொண்டிருந்த மாரித்தாயிடம் பேச்சுக் கொடுத்தான். நேற்று ஐந்து மணிப் பூசைக்குத்தான் இந்த சீசனின் முதல் லட்சுமி அட்டை அச்சானதாம், தகதகவென்று தங்க ஃபாயிலில். மொத்தம் நான்கு. ஆப்செட், கட்டிங், பஞ்சிங் மிஷின் மூன்றிலும் அவளே ஒட்டினாள். நான்காவதை முதலாளி வாங்கிக்கொண்டார்.

11.40. எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினான். தும்மினான். பிறகு பேசினான்.

"இந்தப் போர்டு பித்தளைக் கால்மேல நிக்கணும். அதுக்கு அடியில காத்து மட்டுந்தான் இருக்கணும். முதுகு பூரா ஈயமுனை. உலோகம் பட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிரும். இப்ப அடியில ஒரு தங்க அட்டை இருக்கு, அதுல லட்சுமி இருக்கா. வச்சது நீங்க, அண்ணாச்சி."

சண்முகவேல் கழற்றிய திருகைத் தூக்கிக் காட்டினான்.

"அட்டை அச்சானது அஞ்சு மணிக்கு. இந்தப் பிள்ள மூணுக்கே போயிருச்சு. நாலாவது அட்டை உங்க கையில. திருகை இம்புட்டு இறுக்குறது ஆப்செட்ல பிளேட்டு மாட்டிப் பழகுன கை. நான் கேட்டது கைவச்சது யாருன்னு. சாமி படம் வச்சதை நீங்க கைவச்சதாவே நினைக்கல."

ரத்தினசாமி தரையைப் பார்த்தார்.

"எல்லா மிஷினுக்கும் வச்சாச்சு, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? மேல ஒட்டுனா தினம் அந்தப் பிள்ள மொகத்துக்கு நேரா இருக்கும். தொழுகுற பிள்ள, சங்கடப்படும்ல. சும்மா உள்ள வச்சா ஃபேன்ல சிக்கும். அதான் கழட்டி, துளை போட்டு, அடியில..."

அவள் மனம் நோகக் கூடாதென்று ஒளித்துவைத்ததற்காகத்தான் அவள் பையைக் கொட்டியிருக்கிறார். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

சண்முகவேல் போர்டைத் தூக்கினான். ஆறு துளையோடு லட்சுமி வெளியே வந்தாள். போர்டைப் பித்தளைக் கால்களில் அமர்த்தி, திருகுகளை அளவாக முறுக்கினான். கீபோர்டு சொன்னபடி நுழைந்தது.

12.05. ஃபேன் முழுச் சுற்றுச் சுற்றியது. டிசைன்கள் ஒன்றுவிடாமல் இருந்தன.

ரத்தினசாமி டிபன் பாக்ஸை எடுத்துக் கைப்பையில் வைத்தார். குடையை மடக்கி வைத்தார். ஜிப்பை இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் பையை நீட்டினார்.

ஷிபானா வாங்கிக்கொண்டு அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இருபது நாளா இந்த லட்சுமிக்கு ஒவ்வொரு நகையா போட்டுவிட்டதே நான்தான் அண்ணாச்சி. எனக்கு எங்க இருந்து சங்கடம்?"

அட்டையை மானிட்டரின் தலையில் அவளே ஒட்டினாள். பிறகு உட்கார்ந்து, ஃபிலிமுக்கு அனுப்ப முதல் டிசைனைத் திறந்தாள்.

ரத்தினசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஏலே, அந்தப் பையை மூடித் தொலைலே. வத்தல் நெடி."

சண்முகவேலின் பை அரை மணி நேரமாக மூடித்தான் இருந்தது. அந்தத் துப்பை மட்டும் அவன் வெளியே சொல்லவில்லை.