முருகனுக்குப் பின்னால் இருந்த காடு

நவமணியின் அக்கா அமராவதி ராவாங் நகரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

“சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். நம் ஆற்றோரக் காட்டைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது” என்று எழுதியிருந்தாள்.

காட்டையே அனுப்பிவிடலாம் என்று நவமணி முடிவு செய்தாள். சனிக்கிழமை உடையப்பன் மாமாவின் லோரி ராவாங் போகும்.

அட்டைப்பெட்டி ஒன்றை விரித்தாள். சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கிழித்து மரங்கள் ஒட்டினாள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் குரங்குகள். ஆற்றோரக் காட்டின் வெள்ளிநிறக் குரங்குகளுக்குக் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அதற்கு ஒரு பிஸ்கட் உறை கிடைத்தது.

ஆனால் இலைகளுக்குப் பச்சைத்தாள்? காடு மொட்டையாக நின்றது.

சுவரில் போன வருட நாள்காட்டி. அதில் முருகனுக்குப் பின்னால் மலை முழுக்கப் பச்சை. நவமணி கத்திரிக்கோலை எடுத்தாள்.

“சாமி படத்துலயா கத்திரி வைக்கப் போற?” என்றார் அம்மா.

தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் யாரும் சாமி படத்தைத் தூக்கி எறிவதில்லை. வருடம் முடிந்தாலும் நாள்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதே ஆணியில் தொங்கும்.

“சாமிய வெட்டலம்மா. பின்னாடி உள்ள காடு மட்டும் போதும். சாமிய நல்ல அட்டையில ஒட்டிக் குடுத்துடுறேன்.”

அம்மா யோசித்தார். முருகனின் காலடியில் துணிக்கடை விளம்பரம் இருந்தது. அது அவருக்கு என்றுமே பிடித்ததில்லை.

“சரி. காது மூக்கு பத்திரம்.”

அந்தப் பச்சை இரண்டு மரங்களுக்குத்தான் வந்தது. நவமணி தயங்கித் தயங்கி அடுத்த வீட்டு வாசலில் நின்று அவர்களின் பழைய நாள்காட்டியைக் கேட்டாள்.

“எடுத்துக்க லா,” என்றார் காளியம்மா அத்தை. “மயில விட்டுடாத. அப்புறம் முருகன் ராவாங்குக்கு நடந்தா போவாரு?”

“முருகன் இங்கதான் அத்தை இருப்பாரு. காடு மட்டும்தான் போகுது.”

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு வீட்டுச் சாமிகள் புது அட்டைக்கு மாறினார்கள். இலட்சுமியின் தாமரைக்குளம் ஆறாக ஓடியது. மரங்களெல்லாம் இலை விட்டன.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது.

“காட்டைச் சன்னல் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன் நவமணி. சாம்பிராணி வாசம், சூட வாசம். நம் லயத்தின் வெள்ளிக்கிழமை வாசம். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் போகிறேன்.”

நவமணி கடிதத்தை மடித்தாள். பிறகு அம்மா பார்க்காத நேரத்தில் அதை மூக்கருகே கொண்டு போனாள்.

தாளும் மையும்தான் மணத்தன. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அக்காவின் பவுடர் வாசம் கொஞ்சம் இருந்தது.