கிழங்குக் குழி

வீட்டில் ஆள் இல்லை. ஆனால் அடுப்பில் சோளக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கெசையா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைமேல் பாதி கடித்த ரொட்டி. கவிழ்ந்த பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே குடியிருந்த செரோக்கிப் பழங்குடிக் குடும்பத்தைச் சிப்பாய்கள் மேற்கே விரட்டிச் சென்று கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜார்ஜியா அரசாங்கத்தின் சீட்டுக் குலுக்கலில் அந்த வீடும் நிலமும் அவள் கணவன் ஆல்ஃபியஸுக்கு விழுந்திருந்தன.

"சமைச்சே வச்சிட்டுப் போயிருக்காங்க, பாரு," என்று சிரித்தபடி உட்கார்ந்து சாப்பிட்டான். உழத் தெரிந்த வெள்ளைக்காரனுக்காகவே கடவுள் இந்த மண்ணைப் படைத்தார் என்று போதகர் பேசியதை, மூன்று வயது மகள் ஓர்ஃபாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே திருப்பிச் சொன்னான். வெளியே முழங்காலளவு சோளம். அதை விதைத்தது யாரென்று கெசையா கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்தச் சத்தம் வந்தது. அடுப்புக்கு முன்னால் தரைப்பலகைக்கு அடியில், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுவைக்கும் குழியிலிருந்து, ஈரமண் வாசனையோடு, நகத்தால் மரத்தை மெல்லச் சுரண்டுவதும், நிறுத்துவதும், மேலே இருப்பது யாரென்று காத்திருப்பதுமாக.

எலி என்றான் ஆல்ஃபியஸ். எலிக்காக யாரும் கனத்த மரப்பெட்டியை இழுத்துவந்து குழி மூடிமேல் வைப்பதில்லை. பெட்டி உட்கார்ந்ததும் கீழே ஒரு குழந்தைக் குரல், புரியாத பாஷையில், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. யாரைக் கூப்பிடுகிறது என்று கெசையாவுக்குப் புரிந்தது.

"திறந்துடலாங்க."

"திறந்து? நாளைக்கு இது எங்க வீடுன்னு அது வந்து நிக்கும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. வீடு நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் சத்தம் நின்றது. பத்தாம் நாள் ஆல்ஃபியஸ் எதையோ சாக்கில் சுற்றி வெளியே தூக்கிப்போனான். திரும்பி வந்து பெட்டியை மறுபடி குழி மூடிமேலேயே வைத்தான்.

அடுத்த வாரம், பட்டப்பகலில், கெசையா பால் கறந்துவிட்டு உள்ளே வந்தாள். ஓர்ஃபா இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. சோளக்காட்டில் இல்லை.

சுரண்டல்.

பெட்டிக்கு அடியில்.

"அம்மா."

ஓர்ஃபாவின் குரல்.

ஆல்ஃபியஸ் பெட்டிமேல் உட்கார்ந்து புகையிலை நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் பெட்டியை முட்டித் தள்ளினாள். அசையவில்லை.

"எழுந்திரிங்க. உள்ள இருக்கிறது நம்ம ஓர்ஃபாங்க."

அவன் நிமிரவில்லை. "நாலஞ்சு நாள்ல அடங்கிடும்."

பலகை இடுக்கில் இரண்டு சின்ன விரல்கள் மேலே வந்தன. அவன் பூட்ஸ் காலைத் தூக்கி, மெதுவாக, அவற்றின்மேல் வைத்தான்.